ரெண்டு குளிசை, ஒரு கொப்பி
(சப்ரகமுவத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்கு. துணி துவைக்கணும், விறகு கொண்டு வரணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். அதையெல்லாம் போட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குப் பேசப் போவது கொஞ்சம் வெட்கப்படுற விஷயம். மூத்திரத்தை அடக்க ஏலாமல் போவது. அதோடு சேர்த்து, ரத்தம் கட்டிப் போகாமல் இருக்கக் குடிக்கிற வார்பரின் குளிசை. இருதயத்துக்குக் கொடுக்கிற குளிசைக்கும் ஒண்ணுக்குப் போறதுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற தாத்தா சிரிக்கிறார். சம்பந்தம் இருக்கிறது. அதை எங்களுக்குக் காட்டித் தந்தது ஒரு அம்மா.

கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறார். பேரும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, மூட்டெல்லாம் வீங்கி, அந்த வாதக் காய்ச்சல் இருதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பல வருஷத்துக்குப் பிறகு கொழும்பில் ஒபரேசன் செய்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்று வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி வார்பரின். மாதம் ஒரு தடவை பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் ரத்தம் பார்ப்பது, கொப்பியில் எழுதுவது. ஒரு கிளினிக் தவறினது கிடையாது. கொப்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

அந்த அம்மாவுக்கு ரெண்டு வருஷமாக மூத்திரத் தொல்லை. அவசரமாக வரும், கக்கூசுக்குப் போவதற்குள் பாதி சேலையிலேயே போய்விடும். ராத்திரியில் நாலு தடவை, அஞ்சு தடவை எழும்பணும். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், படி இறங்கி. ஒருவருக்கும் சொல்லவில்லை. மருமகளுக்கும் சொல்லவில்லை. தண்ணி குடிக்கிறதைக் குறைத்தார், கோயிலுக்குப் போறதை நிறுத்தினார். கடைசியில் யாரோ சொல்லி, டவுனில் காசு கட்டி ஒரு டொக்டரிடம் காட்டினார். அங்கே முதலில் நீர்க்கடுப்புக்கு மருந்து, அது முடிய ஒரு கிழமை கழித்து மூத்திரப்பையை அடக்குகிற குளிசை. கிளினிக் கொப்பியை அவர் கொண்டு போகவில்லை. ஏன் என்று பிறகு கேட்டோம். "அது நெஞ்சுக்கு உள்ள கொப்பிதானேங்க, இது வேற வருத்தம்தானே" என்றார்.

ரெண்டு கிழமையில் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. கையில் நீலம் பாய்ந்தது. மலைக்குப் போன பிள்ளை அட்டை கடித்து வந்தால் கொஞ்ச நேரம் ரத்தம் கசிந்து நின்றுவிடும், இல்லையா? இந்த அம்மா வாசல் புல்லில் நின்று அட்டை கடித்தது, மத்தியானம் கடித்தது, விளக்கு வைக்கிற நேரமும் நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தான் மகன் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே ரத்தம் பார்த்தால், ரெண்டுக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டிய எண் எட்டுக்கு மேலே போயிருந்தது. வார்பரினை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தப்பினார். இந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லச் சொன்னதும் அவர்தான்.

எங்கள் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அந்த லயத்துக்கு மாதாமாதம் போனவர்கள் நாங்கள். பிரஷர் பார்த்தோம், சீனி பார்த்தோம். "ஒண்ணுக்குப் போறதில் கரைச்சல் இருக்கா அம்மா" என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

இனி வார்பரின் என்றால் என்ன என்று பார்ப்போம். கதை பழையது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் பக்கத்திலும் மாடுகள் திடீர் திடீரென்று ரத்தம் ஒழுகிச் செத்தன. கொம்பு சீவினால் கூட ரத்தம் நிற்காது. பூஞ்சணம் பிடித்த ஒரு வகைப் புல்லைத் தின்றதுதான் காரணம் என்று தெரிந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்கிற விஞ்ஞானியும் அவருடைய ஆட்களும் அந்தக் கெட்ட புல்லுக்குள் இருந்த சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து செய்த வார்பரின் 1948-ல் எலி விஷமாகத்தான் முதலில் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு மருந்தாக அனுமதித்தார்கள். 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இதைத்தான் கொடுத்தார்கள்.

எலி விஷம் என்றதும் முகம் மாறுகிறது! பயந்து குளிசையை நிறுத்திவிடாதீர்கள். உலோக வால்வு வைத்தவர் வார்பரினை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்பதால்தான் மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார்கள். கொப்பியில் ஐ.என்.ஆர். என்று எழுதுகிற எண் அதுதான். சாதாரண ஆளுக்கு அது ஒன்றுக்குக் கிட்ட இருக்கும். வார்பரின் குடிக்கிற பலருக்கு ரெண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கணும். சில வால்வுக்காரருக்குக் கொஞ்சம் கூட. உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டொக்டரிடம் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வார்பரின் வேலை செய்கிற இடமும் ஈரல், அதை உடைத்து வெளியே அனுப்புகிற இடமும் ஈரல். பக்டரியில் கொழுந்து வாட்டுற தட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் ஒரு மலைக் கொழுந்து கிடக்கிறது. அதே நேரத்தில் இன்னொரு லொறிக் கொழுந்தையும் அதே தட்டில் கொட்டினால் என்ன ஆகும்? முதல் கொழுந்து நேரத்துக்கு இறங்காது, தேங்கிப் போகும். சில மருந்துகள் இப்படித்தான், வார்பரின் இறங்குகிற தட்டில் வந்து விழும். வார்பரின் ரத்தத்தில் தேங்கும். நீங்கள் குடித்தது பழைய அளவுதான், உடம்புக்குள் நிற்பதோ ரெண்டு மடங்கு.

மூத்திரப்பையை அடக்குகிற குளிசைகளுக்கு வருவோம். மூத்திரப்பை ஒரு சதைப் பை. நிறைந்த பிறகுதான் அது சுருங்க வேண்டும். சிலருக்குக் கால்வாசி நிறையுமுன்னமே சுருங்குகிறது. அதைத் தளர்த்தத்தான் ஒக்சிபியூட்டினின், டொல்ட்டரோடின், சொலிபெனசின் போன்ற குளிசைகள். மிராபெக்ரோன் என்று வேறு வகைக் குளிசையும் இருக்கிறது. பெயரெல்லாம் பாடமாக்க வேண்டாம், உறையை எறியாமல் வைத்திருந்தால் போதும்.

இவற்றில் வார்பரினோடு சேர்த்துப் பேசப்பட்டது டொல்ட்டரோடின். 1999-ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ரெண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ரெண்டு பேரும் வார்பரினில் ஒழுங்காக இருந்தவர்கள். டொல்ட்டரோடின் தொடங்கிய பிறகு ஐ.என்.ஆர். ஏறிவிட்டது. ஆனால் 2002-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில், நோயில்லாத ஆட்களுக்கு ரெண்டையும் கொடுத்துப் பார்த்தபோது ஒரு மாற்றமும் இல்லை. அப்ப எது சரி? எங்கள் எண்ணத்தைச் சொல்கிறோம். ஆராய்ச்சிக்குப் போனவர்கள் நல்ல சுகத்தோடு இருந்தவர்கள், வார்பரினும் ஒரே ஒரு தடவைதான் குடித்தார்கள். எங்கள் அம்மாமார் அப்படியா? வயது போனவர்கள், அரை வயிறு சாப்பிடுகிறவர்கள், கூடவே பிரஷர் குளிசை, சீனிக் குளிசை. எல்லாருக்கும் மோதும் என்று சொல்ல ஏலாது. ஒருவருக்கும் மோதாது என்றும் சொல்ல ஏலாது. யாருக்கு மோதும் என்பதை ரத்தம் பார்த்தால்தான் தெரியும். சொலிபெனசினுக்கு இப்படியான மாற்றம் காணவில்லை. மிராபெக்ரோன் வார்பரின் அளவைக் கொஞ்சம்தான் கூட்டும், ஆனால் பிரஷரை ஏற்றலாம். அதனால் குளிசையைத் தெரிவு செய்ய வேண்டிய டொக்டருக்கு நீங்கள் வார்பரின் குடிப்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அவர் வேறொன்றை எழுதலாம், அல்லது அதையே எழுதி ஒரு கிழமையில் ரத்தம் பார்க்கச் சொல்லலாம்.

அந்த கேகாலை அம்மாவுக்கு எண் ஏறினது அந்தக் குளிசையாலா? ஆஸ்பத்திரியிலும் அடித்துச் சொல்லவில்லை. எங்களுக்குச் சந்தேகம் அதற்கு முதல் குடித்த நீர்க்கடுப்பு மருந்தில்தான் கூட. இதைக் கவனமாகக் கேளுங்கள். மூத்திரப்பைக் குளிசையை விட, நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிற சில கிருமி மருந்துகள் வார்பரினோடு நிச்சயமாக மோதும். கோ-ட்ரைமொக்சசோல், அதாவது உங்களில் பலர் செப்ட்ரின் என்று சொல்கிற பெரிய வெள்ளைக் குளிசை, அதில் முதலாவது. சிப்ரொபுளொக்சசினும் அப்படி. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோலும் அப்படி. இன்னொன்றும் உண்டு. மாணிக்கக் குழிக்கும் வயலுக்கும் வேலைக்குப் போகிற ரத்தினபுரிப் பக்கத்து ஆட்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். நல்ல மருந்து, உயிரைக் காக்கிற மருந்து. ஆனால் அதுவும் வார்பரினைக் கூட்டலாம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வார்பரின் குடிக்கிறேன் என்று சொல்லி வாங்குங்கள்.

அந்த அம்மாவுக்கு மூன்றாவது காரணமும் இருந்தது. மூத்திரப்பைக் குளிசை வாயைக் காய வைக்கும். சோறு இறங்கவில்லை என்று ரெண்டு கிழமையாகக் கஞ்சித் தண்ணியும் பிஸ்கட்டும்தான். முந்தி தினமும் வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி என்று தின்றவர். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்பரினுக்கு எதிர்ப் பக்கம் இழுக்கும். கீரையைத் திடீரென்று நிறுத்தினால் அந்த இழுவை இல்லாமல் போய், வார்பரின் ஓங்கிவிடும். கீரை தின்னக் கூடாது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள், அது பிழை. தின்னுங்கள். ஒரு கிழமைக்கு எவ்வளவு தின்கிறீர்களோ அதே அளவாகத் தின்னுங்கள். கொழுந்துக் காலத்தில் ஒரு கீரையும் இல்லை, லீவுக்கு மகள் வீட்டுக்குப் போனால் மூன்று வேளையும் கீரை என்றிருந்தால்தான் கரைச்சல்.

வாய் காய்வதோடு மலச்சிக்கலும் வரும், கண் மங்கும், தலை சுற்றும். வயதானவர்களுக்குச் சில நேரம் புத்தி தடுமாறும். லயத்துப் படியில் ராத்திரி தலை சுற்றி விழுந்தால் மற்றவருக்கு ஒரு வீக்கம். வார்பரின் குடிக்கிறவருக்கு மண்டைக்குள் ரத்தம் கசியலாம். வெளியில் ஒரு காயமும் தெரியாது. அடிபட்ட அன்றைக்கு நன்றாகப் பேசுவார், மறுநாள் எழும்ப மாட்டார். அதனால் வார்பரின்காரர் தலையடிபட விழுந்தால், "ஒண்ணுமில்ல, படுத்தா சரியாயிடும்" என்கிற பேச்சே வேண்டாம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. கருப்பாகத் தார் மாதிரி மலம் போனாலும், மூத்திரம் சிவந்தாலும், மூக்கு ரத்தம் நிற்காவிட்டாலும், மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போனாலும் அதே மாதிரி. கையில் கொப்பி இருக்கட்டும். டெங்கு பரவுகிற காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே காட்டுங்கள். டெங்கில் ரத்தம் உறைய வைக்கிற அணுக்கள் குறையும், அதற்கு மேல் வார்பரினும் என்றால் தாங்காது.

ராத்திரிக்கு ஒரு வாளியோ சட்டியோ கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் ஒரு அசிங்கமும் இல்லை. மருமகள்மார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பதால் சொல்கிறோம், காலையில் அதைக் கழுவுவது விழுந்தவரைத் தூக்குவதை விட லேசு. பிள்ளைகளுக்கு வாங்குகிற காசில் ஒரு டோர்ச் லைட்டும் வாங்குங்கள்.

அவசரமாக மூத்திரம் வருகிறவருக்கெல்லாம் இந்தக் குளிசை வேண்டியதில்லை. முதலில் காரணம் பார்க்கணும். சீனி வியாதியா, கிருமியா, பெண்களுக்குப் பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு கீழ்ச் சதை தளர்ந்ததா, ஆண்களுக்கு புரொஸ்டேட் வீக்கமா என்று. புரொஸ்டேட் வீங்கினவர் இந்தக் குளிசையைக் குடித்தால் ஒரேயடியாக அடைத்துக்கொண்டு துடிக்கவும் கூடும். குளிசைக்கு முதல் செய்யக் கூடிய வேலையும் இருக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு சாயத் தண்ணியைக் குறையுங்கள். தேயிலையில் உள்ள கபீன் மூத்திரப்பையைக் கிண்டிவிடும். தேயிலைத் தோட்டத்தில் நின்று தேயிலைக்கு எதிராகப் பேசுகிறோம், துரை கேட்டால் கோபிப்பார்! அவசரம் வந்தவுடன் ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நீட்டிப் பழக்கலாம். மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி கீழ்ச் சதையை இறுக்கி விடுகிற பயிற்சியை எங்கள் மருத்துவிச்சி அம்மா பெண்களுக்குத் தனியாகக் காட்டித் தருவார். அது வார்பரினோடு ஒருநாளும் மோதாது.

கொழுந்து எடுக்கிற பெண்கள் காலையில் பிரட்டுக்குப் போனால் மத்தியானம் நிறுவைக்கு வரும் வரை மலையில் ஒதுங்க இடமில்லை. அதற்காகத் தண்ணி குடிக்காமலே வேலை செய்கிறீர்கள். இது உங்கள் குற்றமில்லை. மலையில் கக்கூஸ் இல்லாததை நாங்கள் தோட்ட நிர்வாகத்திடம் பேச வேண்டும், பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. அது வரைக்கும் தண்ணியை நிறுத்தாதீர்கள். மஞ்சளாகக் கெட்டியாகிற மூத்திரம் பையை இன்னும் எரிக்கும், கிருமியும் பிடிக்கும். பிறகு கிருமி மருந்து, பிறகு வார்பரின் ஏற்றம். முதல் முடிச்சு அந்த மலையில்தான் விழுகிறது.

வார்பரின் குடிக்கிறவர்கள் இனி என்ன செய்வது? தோட்ட டிஸ்பென்சரி, டவுன் டொக்டர், பல் டொக்டர், பார்மசி, நாட்டு வைத்தியர், எங்கே போனாலும் அந்தக் கொப்பி கூடப் போகணும். புதுக் குளிசை எதைத் தொடங்கினாலும் கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல் அஞ்சு ஆறு நாளில் ஒரு தடவை ரத்தம் பார்க்கக் கேளுங்கள். அந்தக் குளிசையை நிறுத்தும்போதும் அப்படியே. பலர் இதை மறக்கிறார்கள். புதுக் குளிசைக்காக வார்பரினைக் குறைத்திருப்பார்கள். பிறகு வாய் காய்கிறது என்று நீங்களாகவே அந்தக் குளிசையை விட்டுவிட்டால், வார்பரின் போதாமல் போய் வால்வில் கட்டி விழும். கைகால் நோவுக்குக் கடையில் டைகுளோபெனாக், புரூபன், டிஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். பனடோல் ஒன்றிரண்டு நாளைக்குப் பரவாயில்லை, நாள் கணக்காகக் குடித்தால் அதுவும் எண்ணை ஏற்றும். ஒரு வேளை வார்பரின் மறந்தால் அடுத்த நாள் ரெண்டாகப் போடாதீர்கள். வார்பரின் குடிக்கிற இளம் பெண் பிள்ளைகளுக்கு ஒன்று: கர்ப்பமாகும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே கிளினிக்கில் பேசுங்கள், அது கருவில் இருக்கிற பிள்ளையைப் பாதிக்கும்.

2022-ல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் வெளியில் காசுக்கு வாங்கினீர்கள். அப்போது ஒருவர் ஒரு மில்லிகிராம் குளிசைக்குப் பதில் அஞ்சு மில்லிகிராம் குளிசையை அதே எண்ணிக்கையில் குடித்திருக்கிறார். நிறத்தை நம்பாதீர்கள், உறையில் உள்ள எண்ணைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளையிடம் காட்டுங்கள்.

பேச்சு முடிந்ததும் ஒரு அக்கா எழும்பிக் கேட்டார். "இதெல்லாம் சரிங்க. கிளினிக்கில அவங்க சிங்களத்தில கேக்கிறாங்க, பின்னால நூறு பேர் நிக்கிறாங்க. நாங்க எப்படி இதைப் போய்ச் சொல்றது? அதுவும் ஆம்பிளை டொக்டர்கிட்ட?" நியாயமான கேள்வி. நாங்கள் ரெண்டு வசனத்தை எல்லாரோடும் சேர்ந்து மூன்று தடவை சொல்லிப் பார்த்தோம். "மம லே துனீ கரன பெஹெத் பொனவா." நான் ரத்தத்தை மெல்லிசாக்குகிற மருந்து குடிக்கிறேன் என்று அர்த்தம். மற்றது, "மம வார்பரின் பொனவா." மூத்திரக் கதையை வாயால் சொல்ல வெட்கம் என்றால் எங்களிடம் வாருங்கள், ஒரு துண்டில் எழுதி கொப்பிக்குள் வைத்துத் தருகிறோம். துண்டை நீட்டினால் போதும். அன்றைக்கே பதினொரு பேர் எழுதி வாங்கிப் போனார்கள். அதில் நாலு பேர் ஆண்கள்.